உச்சிமாளி பெயர் வெட்டிய அண்டா

சார், தப்பாக நினைக்காதீர்கள். அந்தப் பாத்திரம் தீயில் நிற்காது.

மடியில் வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். அம்பாசமுத்திரத்தில் நீங்கள் ஏறும்போதே பார்த்தேன். புதுசு. ஒட்டின சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. மலையில் மூன்று நாள் தங்கப் போகிறோம், சிநேகிதர்கள் பின்னால் வேனில் வருகிறார்கள் என்று கண்டக்டரிடம் சொன்னீர்கள். காதில் விழுந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. பஸ்ஸில் எல்லாம் காதில் விழும்.

வீட்டில் கேஸ் அடுப்புக்கு அது நல்ல பாத்திரம்தான். குறை சொல்லவில்லை. கேஸ் தீ சொன்ன இடத்தில் எரியும். விறகுத் தீ அப்படி இல்லை. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நக்கும். மேலே பிடி வரைக்கும் ஏறும். அந்தக் கறுப்புப் பிடி இருக்கிறதே, அரை மணி நேரத்தில் உருகி, அந்த நாற்றத்தில் சோற்றை நாய்கூடத் தின்னாது. இப்போதே கழற்றிவிடுங்கள். ஒரு திருகாணிதான். கத்தி முனையில் வந்துவிடும். பிறகு வாய் விளிம்புக்குக் கீழே இரும்புக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு பக்கமும் கண்ணி வையுங்கள். கண்ணிக்குள் கம்பைக் கொடுத்து இரண்டு பேராகத் தூக்கலாம். துணி பிடித்துத் தூக்காதீர்கள். துணி தீப்பிடிக்கும்.

வெளியே மண் பூச வேண்டும். தெரியுமா? ஆற்றங்கரை மண்ணையும் சாம்பலையும் குழைத்து அடியிலும் பக்கத்திலும் பூசிவிட்டுத்தான் தீயில் ஏற்ற வேண்டும். கரி மண்ணில் பிடிக்கும். கழுவும்போது மண்ணோடு கழன்று வந்துவிடும். வெளியே மட்டும். வெறும் பாத்திரத்தைத் தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போகாதீர்கள். அலுமினியம் அடி தொங்கிவிடும். முதலில் தண்ணீர், பிறகுதான் தீ.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற வேலை பார்த்தவன். முப்பத்தொரு வருஷம் தீ முன்னால் நின்றவன். அதனால் சொல்கிறேன். கேட்டால் கேளுங்கள்.

என் காலடியில் இருக்கிற சாக்கையா பார்க்கிறீர்கள்? அண்டா. பித்தளை. இதை ஏற்றும்போது கண்டக்டர் என்ன சொன்னான், கேட்டீர்கள் இல்லையா? “பெருசு, உள்ள ஆள் யாரும் உக்காந்திருக்கா? டிக்கெட் போடணுமா?” என்றான். “உன் மாமியாதான் இருக்கா, போட்டுக்கோ” என்றேன். சிரித்துவிட்டுப் போனான். நல்ல பையன்.

பித்தளைதான் சார் விறகுக்கு ராஜா. கனம் இருக்கும். சூடு ஒரே சீராகப் பரவும். எவர்சில்வர் மாதிரி நடுவில் மட்டும் வட்டமாக அடி பிடிக்காது. ஆனால் ஒன்று. பித்தளையில் புளி கொதிக்க வேண்டுமென்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பார்த்திருப்பீர்கள், உள்ளே வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளை இல்லாமல் புளி ஊற்றினால் பச்சைக் களிம்பு ஏறிவிடும். விஷம். இது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

எனக்குத் தெரியாமலா இருக்கும்?

நீங்கள் இறங்குகிற இடத்தில்தான் நானும் இறங்க வேண்டும். கல்லாற்றுச் சாஸ்தா கோயில். ஆடி அமாவாசைக்கு எங்கள் ஊரிலிருந்து எட்டுக் குடும்பம் சேர்ந்து போய், ஆற்றங்கரையில் தார்ப்பாய் கட்டி மூன்று நாள் தங்குவோம். சமையல் எல்லாருக்கும் ஒன்றாகத்தான். பாத்திரம் என் பொறுப்பு. எது வேண்டும், எது வேண்டாம், எதற்குக் கம்பி கட்ட வேண்டும், எது மூன்று கல்லில் உட்காரும், எதன் அடிவளையம் கல்லில் இடறும், எல்லாம் நான் சொன்னதுதான். பத்து வருஷம் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

பதினோராவது வருஷம் தளவாய் வந்தான்.

தளவாய் என் மச்சினன். என் வீட்டுக்காரி உச்சிமாளிக்குத் தம்பி. பம்பாயில் ஏதோ கேண்டீனில் சமையல் பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டான். வந்தவன் சும்மா வந்தானா? ஒரு எவர்சில்வர் சட்டியைக் கொண்டு வந்தான். இவ்வளவு பெரிசு. அடியில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் போட்டிருந்தான்.

“அத்தான், இதுல அடி பிடிக்காது. கால் இஞ்சுத் தகடு. பம்பாயில நூறு பேருக்கு இதுலதான் ஆக்குவோம்.”

மலைக்கு ஏறுகிற வேனில் நான் அதைப் புரட்டிப் பார்த்தேன். “ஏல, இது சட்டியா, வண்டி மாடா? லாடம் அடிச்சுக் கொண்டு வந்திருக்க?”

வேன் முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான். ஆனால் காது சிவந்துபோனது. பார்த்தேன்.

அப்புறம் அவன் கேட்டான். எல்லார் முன்னாலும் கேட்டான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “அண்டாவுக்கு ஈயம் எப்பம் பூசினது அத்தான்?”

“மாசியில.”

மாசியில் பூசியது உண்மை. அதில் பொய் இல்லை. பூசினவன் சரியாகப் பூசவில்லை. அதற்கு நான் என்ன செய்வது?

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் சாயங்காலம் புளிக்குழம்பு வைப்போம். மறுநாள் அமாவாசை உச்சிப் பூஜையில் அந்தப் பழைய குழம்பில் ஒரு கரண்டி சாமிக்குப் படைக்க வேண்டும். படைக்கிற வரைக்கும் வைத்த பாத்திரத்திலிருந்து மாற்றக் கூடாது. கிடா வெட்டி, கறி ஆக்கி, படைத்த பிறகுதான் எல்லாருக்கும் இலை. விரதம் இருக்கிறவர்களுக்கு மட்டும் காலையிலேயே அந்தக் குழம்பு உண்டு. புளிக்குழம்பு எப்போதும் என் அண்டாவில். அந்த வருஷம் கறி மட்டும் தளவாய் சட்டியில் என்று பேசி முடித்தார்கள். புது மோகம். போகட்டும் என்று விட்டேன்.

முதல் நாள் மத்தியானம் ஆற்றில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தோம். தளவாய் சட்டியைப் பாறைமேல் கவிழ்த்து வைத்திருந்தான். வெயிலில் கண் கூசியது. பொம்பளைகள் அதில் முகம் பார்த்துப் பொட்டுச் சரிசெய்தார்கள். ஒருத்தி சொன்னாள், “மாசானம் அண்ணாச்சி அண்டா இதுக்கு முன்னால கெழவி மாதிரில்லா இருக்கு.”

மாசானம் என்றால் நான்.

அண்டா உள்ளே மங்கலாகத்தான் இருந்தது. ஈயம் சில இடத்தில் போயிருந்தது, சில இடத்தில் இருந்தது. முதுகில் தேமல் படர்ந்த மாதிரி. அதைச் சாமி முன்னால் வைப்பதா? புளியும் மணலும் தேங்காய்நாரும் எடுத்துக்கொண்டேன். வெளியே தேய்த்தேன். பிறகு உள்ளே.

உச்சிமாளி பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“வெளிய தேய்ச்சா போதும். உள்ள தேய்க்காதிய.”

“அசிங்கமா இருக்குல்லா.”

“அசிங்கமில்ல. அது ஈயம். மிச்சம் இருக்கதும் போயிரும்.”

“எனக்குச் சொல்லித் தாரியா?”

அவள் அரிசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வாயாடி இல்லை அவள். ஒரு தடவை சொல்வாள், அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் தேய்த்தேன் சார். உள்ளே வெளியே என்று வித்தியாசம் தெரியவில்லை. பொன்னாக வந்தது. தளவாய் சட்டிப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். யாரும் அதற்குப் பிறகு சட்டியில் முகம் பார்க்கவில்லை.

இதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சாயங்காலம் குழம்பு வைத்தேன். நல்ல குழம்பு. கத்தரிக்காய், சுண்டைவற்றல், பூண்டு. கொதித்து இறங்கினது, அப்படியே மூடி வைத்துவிட்டேன். காலையில் திறந்தபோது விளிம்பை ஒட்டிப் பச்சையாக ஒரு கோடு இருந்தது. கறிவேப்பிலைச் சாறு இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். கரண்டியால் வழித்து உள்ளே தள்ளிவிட்டேன். உச்சிமாளி விரதம். கறி தொடமாட்டாள். அவள் காலையில் அந்தக் குழம்பைத்தான் ஊற்றிச் சாப்பிட்டாள். “கைக்குதே” என்றாள். “சுண்டைவத்தல் கைக்கத்தான் செய்யும்” என்றேன். சுண்டைவற்றல் கைக்கும்தானே சார்? நீங்களே சொல்லுங்கள்.

மத்தியானம் கறி. சட்டி தளவாயுடையது என்றாலும் தீ என் பொறுப்பு. நெல் அவிக்கிறவன் இருக்கும்போது வேறு யார் தீயில் கை வைப்பார்கள்? சட்டியை ஏற்றினோம். தளவாய் கிளறிக்கொண்டு நின்றான். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. தகடு வேலை செய்தது, இல்லையென்று சொல்லவில்லை. அடி பிடிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாம் “தளவாய் சட்டி, தளவாய் சட்டி” என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவன் பூஜைக்குத் தேங்காய் எடுத்துக் கொடுக்கப் போனான். “அத்தான், தீயைத் தணிச்சு வச்சுக்கோங்க. தகடு சூட்டைப் பிடிச்சுக்கிடும். இனி கங்கு போதும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

எனக்குத் தீயைப் பற்றிச் சொல்கிறான். முப்பத்தொரு வருஷம்.

இரண்டு புளியங்கட்டை கூட வைத்தேன். இரண்டுதான். கறி வேக வேண்டாமா?

அவன் திரும்பி வருவதற்குள் வாடை ஆற்றுக்கு அக்கரை போய்விட்டது. மூடியைத் திறந்தால் அடியில் நாலு விரல் கனத்துக்குக் கரி. தளவாய் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். என்னைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், புளியங்கட்டையைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். “பம்பாய் கேண்டீன் பிரியாணி தயாராயிட்டு. எல்லாரும் வந்து மோந்து பாத்துட்டுப் போங்க.”

நல்ல சிரிப்பு அன்றைக்கு. இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

கறி போனதால் எல்லாருக்கும் புளிக்குழம்புதான். அண்டா காலியானது. வழித்துச் சாப்பிட்டார்கள். பத்து வருஷத்தில் இப்படிக் காலியானதில்லை. நான் மேலாகக் கரி படாத கறியை எடுத்துச் சாப்பிட்டேன். வீணாகக் கூடாது பாருங்கள். தளவாய் கோபத்தில் ஒன்றும் சாப்பிடாமல் பாறையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரம் இருக்கும். முதலில் எதிர்த் தார்ப்பாயில் ஒருத்தர் வாந்தி எடுத்தார். பிறகு அவர் சம்சாரம். பிறகு எல்லாத் தார்ப்பாயிலும் சத்தம். பதினொரு பேர். உச்சிமாளி ஆற்று மணலில் குப்புறக் கிடந்தாள். காலை, மத்தியானம் இரண்டு வேளையும் குழம்புதான் அவளுக்கு. வாந்தி நின்றபாடில்லை. கடைசியில் எடுத்தது பச்சையாக இருந்தது. வனத்துறை ஜீப்பில் ஏற்றி மலையிலிருந்து இறக்கினோம். முதல் ஜீப்பில் அவளும் நானும், இன்னும் மூன்று பேரும். தளவாய் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு மேலேயே நின்றுவிட்டான்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தளவாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஏன் ஆகவில்லை என்றால், நெல் அவிக்கிறவன் உடம்பு அப்படி. அவனுக்கு ஏன் ஆகவில்லை என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுப் பிள்ளை. கண்ணாடி போட்ட பொம்பளைப் பிள்ளை. “என்ன சாப்பிட்டாங்க?” என்றாள். சொன்னேன். “எந்தப் பாத்திரத்துல சமைச்சது?” என்றாள்.

இதைக் கேளுங்கள் சார். எத்தனையோ கேள்வி இருக்கிறது. ஒரு டாக்டர் பாத்திரத்தைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்?

“எவர்சில்வர்” என்றேன்.

அன்றைக்கு எவர்சில்வர் சட்டியும்தான் இருந்தது. நான் இல்லாததைச் சொல்லவில்லை. அந்தச் சட்டி வந்ததிலிருந்துதான் எல்லாம் கோணலானது. கறி கெட்டது அதில். கறி கெட்டிருந்தால் வயிறும் கெடும் இல்லையா? உச்சிமாளி கறி சாப்பிடவில்லை, அது வேறு. வாடை பட்டிருக்கும்.

அவர்கள் குளுகோஸ் ஏற்றினார்கள். வெறும் பேதி என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். அன்று முழுக்கப் போனது. மறுநாள் காலையில் வார்டு வாசலில் ஒரே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் தளவாய் வருகிறான். தலையில் அண்டா. என் அண்டா. கழுவாமல், அடியில் குழம்பு காய்ந்து போய், அப்படியே கொண்டு வருகிறான். நர்ஸ் “இதெல்லாம் உள்ள கொண்டு வரக்கூடாது” என்று மறிக்கிறாள். அவன் கேட்கவில்லை. நேராகப் போய் டாக்டர் மேஜைமேல் இறக்கினான்.

“இதுல வச்சதுதான் எல்லாரும் தின்னது டாக்டர். உள்ள பாருங்க.”

டாக்டர் உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எழுந்து வார்டுக்கு ஓடினாள். ஓடினாள் சார், நடக்கவில்லை. பிறகு வேறு மருந்து. உச்சிமாளியை மட்டும் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மூத்திரம் இறங்கவில்லை என்றார்கள். மற்ற பத்து பேரும் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருத்தரும் சாகவில்லை. இதையும் சொல்ல வேண்டும் இல்லையா? ஒருத்தரும் சாகவில்லை.

ஆனால் தளவாய் செய்தது நியாயமா? என் அண்டா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? எட்டுக் குடும்பத்து ஆட்களும் வராந்தாவில் நிற்கும்போது, தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் மாதிரி வருகிறான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அத்தான், இப்படி” என்று சொல்லியிருக்கலாம். நானே டாக்டரிடம் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள். சொல்லியிருப்பேன்.

பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவன் பிள்ளைக்குக் காது குத்துக்குப் போகவில்லை. எதிரே வந்தால் தெருவைக் கடந்துவிடுவேன். அவன் கடக்க மாட்டான். நின்று, நான் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பான். அது ஒரு திமிர்.

உச்சிமாளியா?

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நாலாவது நாள் கண் தெளிந்தது. நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். முதல் கேள்வி அதுதான். தண்ணீர் கேட்கவில்லை, எங்கே இருக்கிறேன் என்று கேட்கவில்லை.

“உள்ள தேய்ச்சியளா?”

“இல்ல” என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். உடம்பு தேறட்டும் என்று நினைத்தேன். தேறியது. வரவில்லை. ஒரே ஊர், நடுவில் ஒரு தெருதான். ரேஷன் கடையில் வரிசையில் நிற்பாள். நானும் நிற்பேன். ஒருநாள் அவள் பையிலிருந்து கார்டு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்குச் சோறு பொங்க எவ்வளவு நேரம்? காலையில் பொங்கினால் ராத்திரிக்கும் இருக்கும். சின்ன அலுமினியச் சட்டி. அண்டாவைப் பரண்மேல் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபடியே, கழுவாமல். பிறகு மலைக்கும் போகவில்லை. எட்டுக் குடும்பமும் போனார்கள். தளவாய் சட்டியில்தான் எல்லாம் என்று கேள்விப்பட்டேன். அடி பிடிப்பதில்லையாம். பிடிக்காது. தணிந்த தீயில் வைத்தால் பிடிக்காது.

போன திங்கட்கிழமை தளவாய் என் வீட்டு வாசலுக்கு வந்தான். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. உள்ளே வரவில்லை. தெருவில் நின்றே சொன்னான்.

“அத்தான், அக்கா இந்த வருசம் மலைக்கு வாரா. அண்டாவைக் கொண்டு வரச் சொன்னா.”

“யாரை?”

“அண்டாவைன்னுதான் சொன்னா.”

போய்விட்டான். தலை நரைத்திருந்தது அவனுக்கு. நான் கவனித்ததில்லை.

அண்டா அவளுக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? அதில் பெயர் அவள் பெயர்தான். கல்யாணத்தில் அவள் அப்பா சீராகக் கொடுத்தது. விளிம்பில் உச்சிமாகாளி என்று வெட்டியிருக்கும். வெட்டியவன் முழுப் பெயரும் வெட்டிவிட்டான், வீட்டில் உச்சிமாளி என்றுதான் கூப்பிடுவோம். சாக்கை விலக்கிப் பாருங்கள், தெரியும். அதனால் என்ன? பெயர் அவளுடையது, பத்து வருஷம் தேய்த்தது நான்.

பரணிலிருந்து இறக்கினேன். உள்ளே பாசி மாதிரி பச்சை. அடியில் ஒரு கத்தரிக்காய்க் காம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அடுப்பில் வைத்திருந்த சோறு குழைந்துபோனது.

இரண்டு பஸ் மாறித் தென்காசிக்குக் கொண்டுபோய் ஈயம் பூசுகிறவனிடம் கொடுத்தேன். கூடவே நின்று பார்த்தேன். காரம் போட்டுப் பச்சை எல்லாம் எடுத்து, கரித் தீயில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தை விட்டுப் பஞ்சால் ஒரு துடை துடைத்தான். புகை. புகை போனபிறகு பார்த்தால் வெள்ளை. ஓர் இடம் பாக்கி இல்லை. “பெரியவரே, இனி உள்ள மண்ணு போட்டுத் தேய்க்காதிங்க” என்றான். “நான் எதுக்குத் தேய்க்கிறேன்” என்றேன். கண்ணில் தண்ணீர். நவச்சாரப் புகை அப்படித்தான்.

தளவாய்க்காகப் பூசவில்லை. டாக்டருக்காகவும் இல்லை. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று பூசினேன்.

இதோ செக்போஸ்ட். பை எல்லாம் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பாத்திரத்துப் பிடியையும் கேட்டாலும் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். நல்லதுதான்.

இனிக் கால் மணி நேரம். வளைவு திரும்பினால் ஆறு தெரியும். எனக்குக் கண்ணில் புரை. தார்ப்பாய் தெரியும், ஆள் தெரியும், முகம் தெரியாது. நீங்கள் பாருங்கள். நீலத் தார்ப்பாய் பக்கத்தில் நரைத்த ஆள் ஒருவன், அடியில் தகடு வைத்த பெரிய எவர்சில்வர் சட்டி, அங்கேதான். தெரிகிறதா? பக்கத்தில் பொம்பளை யாரும் நிற்கிறார்களா?

என்ன நிறச் சேலை?

சரி.

சார், ஓர் உதவி. நீங்கள் இறங்கும்போது இந்த அண்டாவையும் இறக்கிக்கொள்ளுங்கள். நான் இறங்கவில்லை. அண்டாவைக் கொண்டு வரச் சொன்னாள் என்றுதானே அவன் சொன்னான்? என்னை என்று சொல்லவில்லையே. இந்த பஸ் பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பும். நான் இப்படியே ஜன்னலோரம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். முழங்கால் வலி வேறு.

அவ்வளவு கனம் இல்லை, ஒரு ஆள் தூக்கலாம். நீங்கள் வேண்டாம் என்றாலும் கண்டக்டர் ஒரு கை கொடுப்பான். சாக்கை எடுத்துவிடுங்கள். வெயிலில் அவள் பார்க்கட்டும். இரண்டு பக்கமும் வளையம் இருக்கிறது, அதைப் பிடியுங்கள். உள்ளே கை படக் கூடாது. தயவு செய்து. உங்கள் கையில் அழுக்கு என்று சொல்லவில்லை. உள்ளே யாரும் தொட வேண்டாம், அவள் தொடட்டும்.

அவள் உள்ளே பார்ப்பாள். கண்டிப்பாகப் பார்ப்பாள். யார் கொடுத்தது என்று கேட்க மாட்டாள். வாயாடி இல்லை அவள். தளவாய் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். அவனுக்கும் எனக்கும் தீரவில்லை.

அவளிடம் மட்டும் சொல்லுங்கள். உள்ளே தேய்க்கவில்லை என்று சொல்லச் சொன்னார் என்று.

இந்தத் தடவை உண்மை என்று சொல்லுங்கள்.

இறங்குங்கள் சார். படி உயரம். அண்டாவை இடித்துவிடாதீர்கள்.